நான் வாசிக்க மாட்டேன் என்ற ஞாயிறு

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். வேதம் வாசிக்கிறவனுக்கு அது ஆகாது என்று போதகர் பலமுறை சொல்லியிருக்கிறார். அவருக்கென்ன, கிருஷ்ணகிரியிலிருந்து மாதம் ஒருமுறை சைக்கிளில் வந்து திருவிருந்து கொடுத்துவிட்டுப் போய்விடுவார். மற்ற ஞாயிறுகளுக்கு நான்தான்.

ஐம்பதுகளின் நடுவில் சூளகிரிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் எட்டுக் கிறிஸ்தவக் குடும்பங்கள் இருந்தன. எழுத்துக் கூட்டாமல் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன், அதுவும் ஐந்தாம் வகுப்பு. ஆறு நாள் பெங்களூர் ரோட்டுக்கு ஜல்லி உடைப்பேன். ஏழாம் நாள் தமிழில் வாசிக்க வேண்டும், அதையே தெலுங்கில் சொல்ல வேண்டும், பிறகு கன்னடத்தில் சொல்ல வேண்டும். வேதத்தின் தமிழ் பாதிப் பேருக்குப் பிடிபடாது. மூன்றாம் முறை சொல்லி முடிப்பதற்குள் நாலு பேர் தூங்கியிருப்பார்கள்.

ஒரு கோடையில் எனக்கு இதிலெல்லாம் மனசு விட்டுப்போயிற்று. ஜெபிக்க உட்கார்ந்தால் ஒரு வார்த்தை வராது. நான் வாசிப்பது எனக்கே வெறும் சத்தமாக இருந்தது. யாரும் கேட்காதபோது யாருக்காகக் கத்துகிறேன்? சனிக்கிழமை மனைவியிடம் சொன்னேன். "நாளையிலிருந்து வேதம் பெட்டிக்குள்ள, நான் வீட்டுக்குள்ள."

"சாமிகிட்ட சொல்லிட்டீங்களா?"

"அவருக்குத் தெரியும்."

"அப்ப சரி" என்று தண்ணீருக்குப் போய்விட்டாள். கெஞ்சுவாள் என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் காலை கோயிலில் மணிக்குப் பதிலாகத் தொங்கும் தண்டவாளத் துண்டைத் தட்டும் சத்தம் கேட்டது. நான் நகரவில்லை. கொஞ்ச நேரத்தில் மற்ற ஏழு குடும்பமும் பாயோடு என் வாசலில் நின்றது. முன்னால் நின்றவள் களையெடுக்கப் போகிற அக்கா. அவள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவள்.

"உடம்புக்கு என்னப்பா?" என்றாள்.

"உடம்பு நல்லாத்தான் இருக்குது. வாசிக்க மாட்டேன். போங்க."

"நீ வாசிக்க வேணாம். உனக்கு அலுப்புன்னு உன் சம்சாரம் சொல்லிச்சு. இன்னிக்கு நாங்க சொல்றோம், நீ கேளு."

பாயை விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். என்னைக் கேட்கக்கூட இல்லை. அக்கா எழுந்து நின்று சொல்ல ஆரம்பித்தாள்.

"நூறு ஆடு வெச்சிருந்தவன் ஒண்ணைத் தொலைச்சுட்டான். மிச்சத்தை விட்டுட்டுத் தேடிப் போனான். அப்போ ஏசு சொன்னாரு, அந்தக் கோழியை வெளிய தொரத்துங்க, ஒருத்தனுக்காவது அறிவிருக்குதா."

"ஆமென்" என்றது கூட்டம்.

"அது அவர் சொன்னதில்ல" என்றேன். "நான் சொன்னது. கோழி உள்ள வந்துடுச்சு."

"வாசிக்கிறப்பதானே சொன்ன? ரெண்டு தடவ சொன்ன. முக்கியமான வசனம்னு நெனச்சேன்."

கன்னடம் பேசுகிற வண்டிக்காரர் தலையாட்டினார். வாரா வாரம் முதலில் தூங்குகிறவர் அவர்தான். "அதுக்கப்புறம், தூங்கறவன் எழுந்து போய் மூஞ்சி கழுவிட்டு வான்னு வரும். எனக்கு மனப்பாடம்."

என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எனக்கு வந்த கோபத்தில் பாதி அவர்கள் மேல், பாதி என் மேல். இத்தனை வருஷம் இந்த ஜனம் ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கிறது. என் வசவையும் சேர்த்தே கேட்டிருக்கிறது. தூங்கியவர்கூடக் கேட்டிருக்கிறார். இதை இப்படியே விட்டால் இவர்கள் பிள்ளைகளுக்கும் இயேசு கோழி விரட்டுகிறவராகவே போய்ச் சேருவார். பெட்டியைத் திறந்து வேதத்தை எடுத்தேன்.

"ஒழுங்கா கேளுங்க" என்றேன்.

"இதுவும் வசனமா?" என்றார் வண்டிக்காரர்.

"இல்ல."

சிரிப்பு அடங்கிய பிறகு வாசித்தேன். ஆடு கிடைத்ததும் மேய்ப்பன் அதைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிறான் என்ற இடம் வந்தது. எத்தனையோ தடவை வாசித்த இடம். அன்றைக்குத்தான் கவனித்தேன், அந்த ஆடு ஓர் அடிகூட நடக்கவில்லை. அதற்குக் காலில் தெம்பு இருந்ததா என்று யாரும் கேட்கவும் இல்லை.

 அந்த வரியை எனக்காக இன்னொரு தடவை வாசித்தேன். பிறகு அதைத் தெலுங்கில் சொன்னேன். அக்கா இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன். கன்னடத்துக்கு வந்தபோது வெயில் எங்கள் பாய்வரைக்கும் ஏறியிருந்தது. யாரும் எழுந்து போகவில்லை, நானும் நிறுத்தவில்லை.