தோளேறி வந்த வீடு

ஜப்பான்காரன் வருவதற்கு ஏழெட்டு வருடம் முன்னால், மலாயாவில், ஜொகூரின் பெக்கான் நானாஸ் பக்கம் நடந்தது இது. எனக்குக் கல்யாணமாகி மூன்று வருடம். இப்போது யோசித்தாலும் விடியற்காலையில் கண்ட கனவோ என்று சந்தேகம் வருகிறது.

என் வீட்டுக்காரர் மாட்டுவண்டியில் அன்னாசிப் பழங்களை டப்பாவில் அடைக்கும் ஆலைக்கு ஏற்றிப்போவார். நாங்கள் ஒரு மலாய்க்கார அம்மாவின் வீட்டில் வாடகைக்கு இருந்தோம். நாம் அத்தை என்பதுபோல அவரை மக்சிக் என்று கூப்பிடுவோம். அவர் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தம்பி வீட்டோடு இருந்தார். எங்களுடையது இடுப்பளவு உயரக் கால்களின் மேல் நின்ற பலகை வீடு, ஓலைக் கூரை. காலையில் சமையலறைச் சன்னலைத் திறந்தால் அன்னாசிச் செடிகள் தெரியாது, வெறும் பனிதான் தெரியும். அந்தச் சன்னலுக்காகவே அந்த வீட்டை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

"மக்சிக் விக்கிறேன்னு சொல்றாங்க, வாங்கிரலாங்க" என்று தினமும் வீட்டுக்காரரை நச்சரிப்பேன். அவரிடம் ஒரே பதில்தான் இருக்கும். "ஊருக்குப் போறவங்களுக்குச் சொந்த வீடு எதுக்கு புள்ள? வாடகையே போதும்." அந்த 'ஊருக்குப் போறவங்க' என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இங்கே நட்ட கறிவேப்பிலையைக்கூட அவர் விருந்தாளி மாதிரிதான் பார்ப்பார்.

கடைசியில் என் வாய்க்குப் பயந்தே சம்மதித்தார். இருவரும் சேர்த்து வைத்திருந்ததை மொத்தமாகக் கொடுத்து வாங்கினோம். அன்று முழுக்க வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். என் கதவு, என் படி, என் மண் என்று மனசுக்குள் ஒரே கொண்டாட்டம்.

அடுத்த மாதமே குடை பிடித்தபடி ஒருவர் வந்து நின்றார். நிலம் அவருடையதாம், அன்னாசி போடப்போகிறாராம். "அங்காட் ரூமா லா" என்றார். வீட்டைத் தூக்கிக்கோ என்கிறார்!

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "தூக்கிட்டுப் போக இது என்ன சட்டியா பானையா?" என்று தமிழிலேயே கத்தினேன். அந்த மனிதர் பாவம், சிரித்துவிட்டுப் போய்விட்டார். நான் படியில் உட்கார்ந்து அழுதேன். மக்சிக் ஏமாற்றிவிட்டார் என்று வாயில் வந்தபடி திட்டினேன். வீட்டுக்காரர் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். "நான் அப்பவே சொன்னேன்ல" என்று அவர் சொல்லியிருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பேன். கைக்காசும் இல்லை, இனி வீடும் இல்லை.

மறுநாள் மக்சிக் வந்தார். அவருக்கு நான் ஏன் அழுகிறேன் என்றே புரியவில்லை. "நீ வீடுதானே கேட்ட? வீட்டைத்தானே கொடுத்தேன்? நிலம் எப்பவும் அந்த ஆளோடதுதான். நான்கூட மாசாமாசம் தரைவாடகை கொடுத்தேனே" என்று மலாயில் கேட்டார். அந்தக் கம்பத்தில், அதாவது அந்த மலாய்க் கிராமத்தில், வீடு வேறு, மண் வேறு என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியுமாம். எனக்குத்தான் தெரியவில்லை. முந்தின நாள் அவரைத் திட்டியதை நினைத்து வெட்கத்தில் தலையே நிமிரவில்லை. அவரோ என் கையைப் பிடித்து, "என் தம்பி நிலத்துல வச்சுக்கோ. வெள்ளிக்கிழமை ஆளுங்க வருவாங்க" என்றார்.

வந்தார்கள். கம்பத்து ஆண்கள் அத்தனை பேரும், எங்கள் வண்டிக்காரர்களும் வந்தார்கள். படியைக் கழற்றினார்கள். வீட்டுக்கு அடியில் நீள நீளமாக மூங்கில்களைக் கட்டினார்கள். பனி இன்னும் விலகவில்லை. ஒருவர் "சத்து, டுவா, தீகா" என்று மூன்று எண்ணிக் குரல் கொடுத்ததும், என் வீடு, நான் பெருக்கித் துடைத்த வீடு, ஒரு முனகலோடு மேலே எழும்பியது.

தூக்கியவர்களின் கால்களைப் பனி மறைத்திருந்தது. வீடு மட்டும் தானாக மிதந்து போனது. சன்னல் துணி ஆடியது. உள்ளே எங்கள் பூனை ஒன்றும் நடக்காததுபோல உட்கார்ந்து வெளியே பார்த்தது. நான் கறிவேப்பிலைக் கன்றை வேரோடு ஏந்திக்கொண்டு பின்னால் நடந்தேன்.

வாய்க்காலில் இறங்கும்போது வீடு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஐயோ என்று அலறிவிட்டேன். சாய்ந்த மூலைக்கு ஓடிப்போய் ஒருவர் தோள் கொடுத்தார். பார்த்தால் என் வீட்டுக்காரர். கழுத்து நரம்பு புடைக்க, முழங்கால் தண்ணீரில், என் சமையலறையைத் தாங்கிக்கொண்டு நின்றார். சொந்த வீடே வேண்டாம் என்ற மனிதர். எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

அன்று மக்சிக் தன் பாத்திரங்களைக் கொண்டுவந்து எல்லோருக்கும் சமைத்தார். நான் பாயசம் காய்ச்சினேன். சாயங்காலம் வீட்டுக்காரரின் சிவந்து கன்றிய தோளில் எண்ணெய் தேய்த்துவிட்டேன். "வலிக்குதா?" என்றேன். "ஊருக்குப் போறப்ப இதையும் தூக்கிட்டுப் போயிரலாம் புள்ள" என்றார்.

நாங்கள் போகவே இல்லை. வீடு எங்களுடையது, மண்ணுக்கு வாடகை கொடுத்துக்கொண்டே காலம் ஓடிவிட்டது. வீட்டுக்காரரும் போய்ச்சேர்ந்துவிட்டார். பனி இறங்கும் காலைகளில் சமையலறை மூலைப் பலகை முனகும்போது, அதன் அடியில் இன்னும் அவர் தோள் கொடுத்து நிற்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.