ஸ்பிரிங்வெளிப் பக்கத்து லயத்தில் இருபத்து மூன்று கூறு

போன மாசிக் கடைசி ஞாயிறு நான் பதுளைக்குப் போனதற்குக் காரணம் ஒரு போஞ்சிக் கொடியின் படம். தேயிலைத் தோட்டத்தில் பாலர் பள்ளி நடத்தும் என் தோழி யோகா அனுப்பியது. சாமான் விலை ஏறியதிலிருந்து அங்கே பல வீடுகளில் ரொட்டியும் சம்பலும்தான் சாப்பாடு, கறி என்று ஒன்றில்லை. அதனால் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குக் கீழே சும்மா கிடந்த கால் ஏக்கரைக் கொத்தி, இருபத்து மூன்று வீட்டாரும் சேர்ந்து மரக்கறி போடுகிறார்கள். "வந்து பாரேன்" என்றாள். கூப்பிட்டால் போய்விடுகிற ஆள் நான்.

பதுளையிலிருந்து காலை 7.20க்கு பஸ். 80 ரூபாய், முக்கால் மணி நேரம். வளைவுகளில் குடல் வாய்க்கு வரும், காலைச் சாப்பாட்டைத் தள்ளிப்போடுங்கள். இறங்கியதும் ஒன்றரைக் கிலோமீட்டர் ஏற்றம். ஓட்டோக்காரர் 400 கேட்டார். "நடந்தா அரை மணித்தியாலம்தாங்க. ஆனா அட்டை இருக்கு." அட்டை என்றதும் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

பதினொரு மணிக்கு போஞ்சி, கரட், நோக்கோல் எல்லாம் சாக்கின்மேல் குவிந்துவிட்டன. தராசைக் காணோம். "வாரம் பூரா கொழுந்த நிறுத்துத்தான் எங்க ஆளுங்களுக்குச் சம்பளம். இங்கயும் தராசா?" என்று சிரித்தாள் யோகா. கண்ணளவில் வீட்டுக்கு ஒன்றாக இருபத்து மூன்று கூறுதான் போடுகிறார்கள். ஒருவர் ஒரு கூறைத் தொட்டு "இது யாருக்கு?" என்பார். இன்னொருவர் முதுகைக் காட்டி நின்றபடி ஏதாவது ஒரு வீட்டைச் சொல்வார். வேலைக்கு வந்த வீடு, வராத வீடு என்ற பேச்சே இல்லை.

ஓரமாக நின்ற சாந்தினியைப் பற்றி யோகா காதோடு சொன்னாள். கணவர் விழுந்து இடுப்பு முறிந்து படுக்கையில் இருக்கிறார், மூன்று பிள்ளைகள். வேலைக்கு வர முடியாதவளுக்குப் பங்கு எதற்கு என்று ஒரு மாதம் அடம்பிடித்துவிட்டு இன்றுதான் வந்திருக்கிறாளாம். எனக்கு மனசு கேட்கவில்லை. கொண்டுபோன நாலு பிஸ்கட் பக்கெட்டையும் யாருக்கும் தெரியாமல் அவள் பைக்குள் வைத்துவிட்டேன். பெரிய புண்ணியவதி நான்!

தன் கூறையும் வாங்கிக்கொண்டு லயத்துக்குப் போனவள், பத்து நிமிடத்தில் திரும்பி வந்து பையை என் காலடியில் வைத்தாள்.

"இது என் கூறு இல்லீங்க மிஸ்."

"பிள்ளைகளுக்குத்தான்..."

"எல்லாப் பிள்ளைகளுக்கும் வச்சீங்களா?"

பையை மறுபடி அவள் பக்கம் நகர்த்தினேன்.

"எங்க வீட்டுக்கு மட்டும்னா நான் இனி வரலீங்க."

வெறுங்கையோடு மேடேறிப் போனாள். இன்றும் அந்தப் பிள்ளைகளுக்கு ரொட்டியும் சம்பலும்தான், என்னால்தான் என்று நினைத்தபோது அழுகை வந்தது. யோகா என்னைத் திட்டவில்லை. லயத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்: "கூறு தப்பிப் போச்சு! எல்லாரும் பையோட வாங்க!"

அவர்கள் இறங்கி வருவதற்குள், போகிறவர்களுக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். திரும்பும் பஸ் 2.30க்கு, அதை விட்டால் 5 மணிக்குத்தான். அட்டை ஏறாமலிருக்கச் சப்பாத்துக்குள் உப்புத் தூள் போட்டுக்கொள்ளுங்கள். ஏதாவது கொடுக்க ஆசைப்பட்டால் கூறு போடுவதற்கு முன்பே பொதுக் குவியலில் வைத்துவிடுங்கள். லயத்தின் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. போக விரும்பினால் கேளுங்கள், யோகாவிடம் கேட்டுச் சொல்கிறேன்.

எல்லோரும் வந்தார்கள். யார் பையில் என்ன தப்பு என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை, சாக்கின்மேல் திரும்பக் கொட்டினார்கள். ஒரு அக்கா சட்டியில் போட நறுக்கி வைத்திருந்த கரட்டைக்கூடக் கொண்டுவந்து கொட்டினார். பிழை என்னுடையது என்று சொன்னேன். "அதுக்கென்னங்க" என்றார்கள். பக்கெட்டுகளைப் பிரித்து, பிஸ்கட்டையும் கூறுகளில் எண்ணி வைத்தோம்.

கடைசியாக வந்து நின்ற சாந்தினியிடம் யோகா சொன்னாள், "இந்தத் தடவ நீ பேர் சொல்லு."

அவள் முதுகைக் காட்டி நின்றாள். நான் தொட்டேன், அவள் ஒவ்வொரு வீடாகச் சொன்னாள். தன் வீட்டைச் சொல்லாமலே விட்டுவிடுவாளோ என்று எனக்குப் பயம். ஏழாவது கூறைத் தொட்டேன்.

"இது யாருக்கு?"

மற்ற வீடுகளைச் சொன்ன அதே குரலில் சொன்னாள்.

"சாந்தினி வீட்டுக்கு."