மீன் வந்தால் கை எடுக்கணும்

எங்கள் மருத்துவமனை பில்லிங் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள், இதற்கு முன் எங்கே வேலை பார்த்தீர்கள் மேடம் என்று கேட்டார்கள். வீடியோ கேம் கடையில் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். அங்கே நான் பட்ட பாடு அவர்களுக்குத் தெரியாது. தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

1. முதல் நாள் பஞ்சாயத்து

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடியில் எங்கள் முதலாளி டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்தார். நான் அங்கே டீச்சர். 2003 வாக்கில் டைப்ரைட்டிங் படிக்க ஆள் வரவில்லை. மெஷின்களை எடைக்குப் போட்டுவிட்டு டிவிகளையும் கேம் பெட்டிகளையும் இறக்கினார். "நீயே இன்சார்ஜா இரும்மா, பயலுவ உனக்குன்னா பயப்படுவானுங்க" என்றார். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் எனக்குக் கிடைத்த ஒரே வேலை அது. இருட்டிய பிறகு பஸ் ஏறி வருகிற வேலைக்கு எங்கள் வீட்டில் விட மாட்டார்கள். வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டேன்.

முதல் நாளே ரகளை. எல்லாரும் கேட்டது ஒரே ஒரு சண்டை கேம்தான். பல கேம்களில் வருகிற வீரர்களை ஒரே மேடையில் இறக்கி மோதவிடுவது அது. நடுவில் ஒரு உருண்டை வந்து விழும். ஓடிப்போய் எடுத்து எறிந்தால், உள்ளிருந்து ஏதாவது ஒரு பிராணி வந்து நமக்காகச் சண்டை போடும். ஒன்று நெருப்பைக் கக்கும், ஒன்று பாறைகளைக் கொட்டும். ஒன்று மட்டும் மீன். சிவப்பும் வெள்ளையுமாக வெளியே வரும். தண்ணீர் இல்லாத தரையில் துள்ளும். துள்ளிவிட்டுப் போய்விடும். அவ்வளவுதான், யாரையும் தொடக்கூடத் தொடாது.

பாடாலூரில் டயர் கடையில் வேலை பார்த்த சரவணன் எங்களுடைய முதல் வாடிக்கையாளர். முதல் உருண்டையிலேயே அவனுக்கு மீன் வந்தது. அது துள்ளி முடிப்பதற்குள் எதிராளி அவனை மேடையிலிருந்து தள்ளிவிட்டான். நேராக என் மேஜைக்கு வந்து, கேம் கேசட் டூப்ளிகேட் என்றான். துடைத்துப் போட்டேன். மீன் துள்ளியது. திருச்சிக்கு ஆள் அனுப்பி வேறு கேசட் வாங்கிப் போட்டேன். அதிலும் அதே மீன், அதே துள்ளல். கேமைச் செய்தவர்களே வேண்டுமென்றுதான் அப்படி வைத்திருக்கிறார்கள் என்று சொன்னால் ஒருத்தனும் நம்பவில்லை. சிரிப்புக்காக வைத்திருப்பார்களாம். எந்தப் புண்ணியவானுக்குச் சிரிப்பு வந்ததோ, பஞ்சாயத்து மட்டும் எனக்கு வந்து சேர்ந்தது.

பிறகு அந்த வரிசையில் அடுத்த கேம் வந்தது. படம் தெளிவானது, வீரர்கள் கூடினார்கள். மீன் மட்டும் வேலை எதுவும் கற்றுக்கொள்ளவில்லை. செதில் மின்ன இன்னும் அழகாகத் துள்ளியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

2. ரூல்

தினமும் இதே சண்டை என்றானதும், விளையாட வருகிறவர்களே கூடிப் பேசி ஒரு ரூல் போட்டார்கள். மீன் வந்தால் எதிராளி கையை எடுத்து ஜாய்ஸ்டிக்கை மடியில் வைத்துவிட வேண்டும். மீன் வந்தவன் நஷ்டத்துக்கு ஈடாக ஒரே ஒரு அடி அடித்துக்கொள்ளலாம். பிறகு ஆட்டம் தொடரும். எனக்கு இதில் இஷ்டமும் இல்லை, கஷ்டமும் இல்லை. கத்தாமல் இருந்தால் போதும் என்று விட்டுவிட்டேன். அடுத்த இரண்டு வருஷத்தில் அது அவர்கள் கையிலேயே ஊறிவிட்டது. மீன் தலை தெரிந்ததும், யோசிக்காமல், ஜாய்ஸ்டிக் மடிக்குப் போய்விடும்.

3. அரியலூர் போட்டி

முதலாளிக்கு அரியலூரிலும் இதே மாதிரி ஒரு கடை இருந்தது. பெட்டிகள் ஒவ்வொன்றாகப் பழுதாகவே, இருப்பதையெல்லாம் சேர்த்து ஒரே கடையாக நடத்த முடிவு செய்தார். எந்தக் கடையை மூடுவது? வருமானத்தைப் பாருங்கள் சார் என்றேன். இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, போட்டி வைப்போம், ஜெயிக்கிற ஊரில் கடை என்றார். என் பிழைப்பை முடிவு செய்ய அவருக்குக் கிடைத்த வழி அது. அரியலூர் மாவட்டத்தை மறுபடியும் பெரம்பலூரோடு சேர்த்திருந்த காலம் வேறு. அந்தக் கடுப்பில் இருந்த அரியலூர்க்காரர்களுக்கு இது மானப் பிரச்சினை ஆகிவிட்டது.

போட்டி அரியலூர் கடையில் நடந்தது. கடைசி ஆட்டத்தில் எங்கள் பக்கம் சரவணன். அந்தப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிற பழனிவேல். இரண்டு பேருக்கும் ஒரு உயிர்தான் பாக்கி. சரவணன் கை ஓங்கியிருந்தது. கடை நமக்குத்தான் என்று நான் மூச்சு விட்டேன்.

உருண்டை விழுந்தது. பழனிவேல் எடுத்து எறிந்தார். மீன் வந்தது.

சரவணன் ஜாய்ஸ்டிக்கை மடியில் வைத்தான்.

பழனிவேல் அடித்தார். ஒரு அடியல்ல, அடிமேல் அடி. சரவணனுடைய ஆள் மேடையிலிருந்து விழுந்து காணாமல் போன பிறகுதான் இவன் தன் மடியைக் குனிந்து பார்த்தான்.

எங்கள் ஆட்கள் எழுந்துவிட்டார்கள். கையை எடுத்தவனை அடிக்கலாமா என்று கேட்டார்கள். "நீ எதுக்குய்யா கைய எடுத்த?" என்று பழனிவேல் திருப்பிக் கேட்டார். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. மீன் வந்தால் கை எடுக்கணும் என்பது ரூல் என்று எங்கள் ஆட்கள் ஒரே குரலில் சொன்னார்கள். அப்படி ஒரு ரூலை அங்கே யாரும் கேள்விப்பட்டதே இல்லை.

முதலாளி என்னைப் பார்த்தார். "நீ சொல்லும்மா. நீ சொல்றதுதான் முடிவு. இந்த ரூலு கேம்ல இருக்கா, இல்லையா?"

இருக்கிறது என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் அவர் நம்பியிருப்பார். மறுபடி ஆடச் சொல்லியிருப்பார், சரவணன் ஜெயித்திருப்பான். கடையும் என் வேலையும் பெரம்பலூரிலேயே இருந்திருக்கும். எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோபமாக வந்தது. முதலாளி மேல், அவர்கள் மேல், அந்த மீன் மேல். ஆனால் கோபத்துக்கும் பதிலுக்கும் சம்பந்தமில்லை.

"கேம்ல இல்ல சார். அது எங்க கடைல மட்டுந்தான்" என்றேன்.

திரும்பி வரும்போது எங்கள் ஆட்கள் எல்லாரும் என்னை முன்னால் விட்டுவிட்டு பஸ்ஸின் கடைசி ஸீட்டுகளில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். சரவணன்தான் பொறுக்க மாட்டாமல் என் ஸீட்டுக்கு முன்னால் வந்து நின்றான்.

"ஆமான்னு சொல்லியிருந்தா நாளைக்கும் கடை இருந்திருக்கும்லக்கா?"

"இருந்திருக்கும். நாளைக்கும் நான் அந்த மீனுக்குப் பஞ்சாயத்து பண்ணிக்கிட்டு இருந்திருப்பேன்."

சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் சிரிக்கவில்லை, எனக்கும் வரவில்லை. அந்த மாதக் கடைசியில் கடையைப் பூட்டினோம். பெட்டிகளை வண்டியில் ஏற்றிக் கொடுத்தவன் சரவணன்தான்.

பிள்ளைகளே, நீங்கள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பழைய ஆட்கள் உங்களிடம், இங்கே இப்படித்தான் என்று நிறையச் சொல்லியிருப்பார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். கேட்டு நடந்துகொள்ளுங்கள், சண்டை குறையும். ஆனால் அது எந்த வாசற்படி வரைக்கும் செல்லும் என்பதையும் கூடவே கேட்டு வையுங்கள். அந்தப் படிக்கு வெளியே நிற்கிறவன் கெட்டவன் இல்லை. நீங்கள் ஏன் கையை எடுத்தீர்கள் என்று அவனுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.