பேட்டரி தீரும்போது பதிந்த பாட்டு

அண்ணன் ராஜபாளையத்தில் நூல் மில் ஃபிட்டர். முகூர்த்த நாட்களில் கல்யாண பேண்டு செட்டில் ட்ரம்பெட் ஊதுவான். ஒருநாள் கரண்ட் இல்லாதபோது, பேட்டரி போட்ட டேப் ரெக்கார்டரில் ரேடியோவைத் துழாவியவனுக்கு க்யூபா நாட்டுப் பெரிய பேண்டு ஒன்று சிக்கியது. உடனே கேசட்டில் பதிந்தான். நடுவில் ஒரு ட்ரம்பெட் தனியாகக் கிளம்பி, உச்சியில் போய் நிற்கும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மாப்பிள்ளை அழைப்புக்கு அதையே வாசிக்கலாம் என்றார் பேண்டு மாஸ்டர். கேட்டு எழுதித்தரும் வேலை தங்கை எனக்கு வந்தது. நான் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தேன்; சர்ச் பாடகர் குழுவில் மேற்கத்திய இசையை எழுதும் நோட்டேஷனும் கற்றிருந்தேன். சாக்ஸபோன் வரிசைக்குக் கிளாரினெட்டுகள். ட்ராம்போனுக்கு யூஃபோனியம். கைமுரசுகளுக்கு மெல்லிசைக் குழுவில் இரவல் வாங்கிய பாங்கோஸ். கிலுகிலுப்பைக்கு, மில்லில் நூல் சுற்றும் காலி பாபினுக்குள் உளுந்து.

எல்லாம் பொருந்தியது, அந்த உச்சி சுரத்தைத் தவிர. ஒவ்வொரு ஒத்திகையிலும் அண்ணனுக்கு அது உடைந்தது.

"ஏலே, தெருவுல வச்சு உடைஞ்சா என் மானம் போயிரும். வரலைன்னா சோலோவக் கிளாரினெட்டுக்குக் குடுத்துருவேன்" என்றார் மாஸ்டர்.

"நான் ஊதுனா மாப்பிள்ளை தூங்கிருவாரு மாஸ்டர்" என்றார் கிளாரினெட்காரர். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் ஊதி ஊதி வீங்கிய உதட்டில் வெண்ணெய் தடவிக்கொண்டு வீடு வந்தான்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம். பாட்டு முடிந்ததும் ரீவைண்ட் செய்ய மறந்துவிட்டேன். கேசட் ஓடி, அண்ணன் அன்று தொடர்ந்து பதிந்திருந்த தமிழ்ச் செய்தி வந்தது. செய்தி வாசிப்பவரின் ஊரே அறிந்த கனத்த குரல், சின்னப்பையன் குரலாகக் கீச்சிட்டது.

புரிந்துவிட்டது. தீரும் பேட்டரியில் மோட்டார் மெதுவாக ஓடிப் பதிந்திருக்கிறது. கரண்டில் போட்டதும் வேகமாக ஓடுகிறது. வேகம் ஏறினால் சுரமும் ஏறும்.

"அண்ணே, க்யூபாக்காரரு இம்புட்டு உயரத்துல ஊதவே இல்ல. எல்லாத்தையும் இறக்கி எழுதித் தரவா?"

அண்ணன் கேசட்டை நிறுத்தினான். "அவரு ஊதாததையா நான் ஊதப் பார்த்தேன்? இறக்காதட்டி."

"அப்போ வேகத்தையாவது குறைப்போம். அதுவும் அவரோடது இல்ல. மூச்செடுக்க இடம் கிடைக்கும்."

மாஸ்டர் முதலில் முறைத்தார். மெதுவாக ஒருமுறை வாசித்தபின், "இதுதாம்லே நடை" என்றார். உச்சி சுரம் அன்று வந்தது, மறுநாள் உடைந்தது. சோலோ அண்ணனுக்கா கிளாரினெட்டுக்கா என்று கடைசிவரை மாஸ்டர் சொல்லவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில், ரத வீதி முக்கில் மாப்பிள்ளை கார் நின்றது. ஸ்பெஷல் பாட்டுக்கு அங்கேதான் நிற்பது வழக்கம். நான் ஒரு ஜவுளிக்கடைப் படியில் நின்றேன். பாங்கோஸ் நிதானமாகத் தொடங்கியது. மாஸ்டர் அண்ணனைப் பார்த்துத் தலையசைத்தார். கிளாரினெட்டுகள் அடங்கின. அண்ணன் நிறுத்தி மூச்செடுத்தான். சுரம் ஏறி, உச்சியில் உடையாமல் நின்றது. நான் எழுதிய நீளத்தையும் தாண்டி நின்றது. கூட்டம் கைதட்டி ஒன்ஸ்மோர் கேட்டது.

"ஏலே, அதே நடைதான். ஒருத்தரும் ஓடக் கூடாது" என்றார் மாஸ்டர்.

பக்கத்தில் நின்ற அம்மா ஒருவர், "இது எந்த ஊரு பாட்டும்மா?" என்றார்.

"க்யூபா பாட்டும்மா. ஆனா இந்த உயரம் எங்க அண்ணனோடது" என்றேன்.