ஈரம் பார்க்கும் கன்னம்

சுடாத பொருளை நாங்கள் பச்சை என்போம். பச்சை காய்ந்துவிட்டதா என்று பார்க்க எங்கள் செராமிக் எஸ்டேட்டில் கருவி எதுவும் கிடையாது. கன்னத்தில் வைத்துப் பார்ப்போம், அவ்வளவுதான். அச்சிலிருந்து எடுத்துப் பலகையில் அடுக்கி, நாலைந்து நாள் கழித்து ஒவ்வொன்றாகத் தூக்கிக் கன்னத்தில் ஒற்றினால் தெரிந்துவிடும். சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் நிற்கிறது. ஒன்றும் சொல்லாமல் சும்மா இருந்தால் காய்ந்துவிட்டது, சூளைக்கு அனுப்பலாம். விரலை நம்ப முடியாது. நாள் முழுக்கத் தண்ணீரிலும் மண்ணிலும் கிடந்து அது மரத்துப் போயிருக்கும்.

நான் செய்வது பாவை விளக்கு. பொம்மையின் உடம்பை அச்சில் ஊற்றி எடுப்பேன். விளக்கேந்தும் கையையும் அடியிலிருக்கும் பீடத்தையும் கையாலேயே பிடித்து ஒட்டுவேன். விருத்தாசலத்துக்கு மருமகளாக வந்த பிறகு, நானும் கணவரும் ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்து ஆரம்பித்தது. அவர் வெளியூருக்கு அலைந்து விற்பார், நான் ஷெட்டில் இருப்பேன். எஸ்டேட்டில் என் விளக்குக்கு ஒரு பேர் இருந்தது. என் வாய்க்கும் ஒரு பேர் இருந்தது, அது அவ்வளவு நல்ல பேர் இல்லை.

சண்டை வராமல் அங்கே பிழைக்க முடியாது. சூளை எல்லோருக்கும் பொது. பொருளை டிராலியில் தட்டுத் தட்டாக அடுக்கி உள்ளே தள்ளுவார்கள். ஒரு டிராலியைத் தனி ஆளாக நிரப்ப என்னைப் போன்ற சின்ன ஷெட்டுக்காரர்களால் ஆகாது, அதனால் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஏற்றுவோம். எந்தத் தட்டு யாருக்கு, யார் பொருள் யார் பொருளை இடிக்கிறது என்று வாரா வாரம் ரகளைதான். நான் பல வருஷமாக ஊறுகாய் ஜாடி செய்யும் பக்கத்து ஷெட் அக்காவோடுதான் ஏற்றினேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வாயில் எனக்கு ஒரு படி மேல்.

யாருடைய பச்சையாவது ஈரத்தோடு உள்ளே போய் வெடித்துவிட்டால் அதற்கு ஒரு முறை உண்டு. வெடித்த பொருளுக்குச் சொந்தக்காரர்தான் துடைப்பம் எடுத்து டிராலியைக் கூட்ட வேண்டும். அவர் கூட்டிக்கொண்டிருக்கும்போது, பொருள் பாழானவர் எதிரே நின்று நாலு பேர் கேட்கும்படி திட்டுவார். கேட்டுக்கொள்ள வேண்டும். முடிந்ததும் திட்டு வாங்கியவர் டீ சொல்லுவார். டீ குடித்த பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்க மாட்டார்கள், அடுத்த வாரம் அதே டிராலியில் சேர்ந்து ஏற்றுவார்கள். அக்காவிடம் நான் மூன்று தடவை வாங்கியிருக்கிறேன். அவர் என்னிடம் இரண்டு தடவை.

பிறகுதான் கால் வீங்க ஆரம்பித்தது. நின்றுகொண்டே வேலை செய்வதால் என்று நினைத்தேன். முகமும் வீங்கியபோது தூக்கம் போதவில்லை என்று நினைத்தேன். நினைப்பதற்கு எனக்குக் காரணமா கிடைக்காது? கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது இரண்டு கிட்னியும் கைவிட்டிருந்தன. செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ் என்றார்கள். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். அந்த டாக்டர் சின்னப் பையன் மாதிரி இருந்தார். என் ஃபைலில் எதையோ தேடினார்.

இடது கையில் ஊசி குத்துவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்தார்கள். அந்தக் கையால் பாரம் தூக்கக்கூடாது, அதனால் அச்சு தூக்குவது கணவர் வேலையானது. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று தண்ணீருக்கும் அளவு வைத்தார்கள். எங்கள் அச்செல்லாம் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். ஊற்றிய மண்ணிலிருந்து அது தண்ணீரை மடமடவென்று குடிக்கும். வெயில் நாளில் தொண்டை வறண்டு அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். "குடி, நல்லா குடி" என்று ஒரு தடவை அச்சைத் திட்டியிருக்கிறேன். கணவர் சிரித்தார், பிறகு முகத்தைக் கழுவப் போவதுபோல வெளியே போய்விட்டார்.

இதையெல்லாம்கூடச் சமாளித்துவிட்டேன். குளிரைத்தான் சமாளிக்க முடியவில்லை. ரத்தம் குறைவாக இருப்பதால் அப்படித்தான் இருக்கும் என்றார் நர்ஸ். சித்திரை மாதம் ஊரே வெந்துகொண்டிருக்க நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சூளைப் பக்கமாக நாற்காலியை இழுத்துப் போடுவேன். தொட்டதெல்லாம் சில்லென்று இருந்தது. பச்சையைத் தூக்கிக் கன்னத்தில் வைத்தால் எல்லாமே ஈரம். இன்னும் ஒரு நாள் போகட்டும், இன்னும் ஒரு நாள் போகட்டும் என்று பலகையிலேயே வைத்திருந்தேன். இரண்டு வாரம் டிராலியைத் தவறவிட்டேன். அக்கா வந்து ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துவிட்டு, "இது காஞ்சி மூணு நாளு ஆவுது, என்னா அடைகாக்கறியா?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து என் குளிரை நானே கழித்துக்கொள்ள ஆரம்பித்தேன். காய்கறிக்காரர் தட்டின் எடையைக் கழித்துக்கொள்வது போல. இவ்வளவு சில்லிப்பு என்னுடையது, மீதி இருந்தால்தான் மண்ணுடையது. கணவரைப் பார்க்கச் சொல்லியிருக்கலாம். அவர் பார்க்கிறேன் என்றுதான் சொன்னார். "தாடி வச்ச கன்னத்துக்கு என்னா தெரியும்?" என்று துரத்திவிட்டேன். அவர் மறுநாளே ஷேவ் பண்ணிக்கொண்டு வந்து நின்றார். அப்போதும் விடவில்லை. அச்சு தூக்குவதை விட்டுக்கொடுத்திருந்தேன், மண் கரைப்பதை விட்டுக்கொடுத்திருந்தேன். இதையும் கொடுத்துவிட்டால் அந்த ஷெட்டில் நான் யார்?

கார்த்திகை வந்தது. விளக்குக்கு எனக்கு அதுதான் சீசன். விடாத மழை, பலகையெல்லாம் நசநசவென்று இருந்தது. ஒரு வியாழக்கிழமை டயாலிசிஸ் முடித்து வந்து, வெள்ளிக்கிழமை காலையில் டிராலி. நாற்பது விளக்கைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். எல்லாம் சில்லென்றுதான் இருந்தது. இது நேற்றைய டயாலிசிஸ், இது என் சில்லிப்பு என்று சொல்லிக்கொண்டு நாற்பதையும் ஏற்றினேன். கீழ்த் தட்டு முழுக்க அக்காவின் ஜாடிகள், சூளையில் உருகிக் கண்ணாடி போலாகும் பழுப்பு கிளேஸ் பூசி வரிசையாக நின்றன.

ஞாயிற்றுக்கிழமை டிராலியை வெளியே இழுத்தார்கள். என் விளக்குகளில் பாதிக்கு மேல் பீடமே இல்லை. ஈரம் அங்கேதான் நின்றிருக்கிறது. வெடித்த சில்லெல்லாம் கீழே ஜாடிகளின் மேல் விழுந்து, கிளேஸ் உருகியபோது அதிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. சர்க்கரைப் பொங்கலில் கல் கிடப்பதுபோல, பளபளவென்ற பழுப்பில் வெள்ளை வெள்ளையாக. எடுத்தால் ஜாடிதான் உடையும். ஒரு ஜாடிகூடத் தேறவில்லை.

நான் போய்த் துடைப்பத்தை எடுத்தேன். சூளைக்காரர், மற்ற ஷெட்டுக்காரர்கள் எல்லோரும் வந்து நின்றார்கள். நான் குனிந்து கூட்ட ஆரம்பித்தேன், அக்கா வாயைத் திறக்கப் போகிறார் என்று காத்துக்கொண்டே. அக்கா வந்து என் கையிலிருந்து துடைப்பத்தை வாங்கினார்.

"நீ போயி உக்காரும்மா. கை வலிக்கப்போவுது."

அவரே கூட்டினார். ஒரு வார்த்தை திட்டவில்லை. நான் டீ சொன்னேன். "எனக்கு வேணாம்மா, இப்பதான் குடிச்சேன்" என்றார். பல வருஷத்தில் அவர் என்னை 'வாடி, போடி' என்று சொல்லாமல் 'அம்மா' போட்டுக் கூப்பிட்டது அன்றுதான்.

அடுத்த வாரம் புதிதாகச் செய்த விளக்குகளோடு போனேன். அக்காவின் ஜாடிகள் வேறு டிராலியில் ஏறியிருந்தன. அந்த டிராலியில் இடம் இல்லை என்றார் சூளைக்காரர், என் முகத்தைப் பார்க்காமல். மற்றவர்களிடம் கேட்டேன். ஒருவரும் முகத்தில் அடித்த மாதிரி பேசவில்லை. "நீங்க ரெஸ்டு எடுங்க, உடம்பு முக்கியம் இல்லியா?" என்றார் ஒருவர். "அடுத்த வாட்டி பாக்கலாம்ங்க" என்றார் இன்னொருவர். அடுத்த வாட்டியும் அதையே சொன்னார். என் விளக்குகள் பலகையிலேயே இருந்தன. டிராலியில் இடம் இல்லையென்றால் எனக்குத் தொழிலே இல்லை. சுடாத வரைக்கும் அது பொம்மையும் இல்லை, விளக்கும் இல்லை, வெறும் மண். தண்ணீர் பட்டால் கரைந்துவிடும்.

நிறுத்திவிடலாம் என்றார் கணவர். பதமாகத்தான் சொன்னார். வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்கே போய்விடுகிறது என்றார். மீதி நாலு நாளும் நான் ஆஸ்பத்திரியையே நினைத்துக்கொண்டு படுத்திருக்க வேண்டுமா என்று கத்தினேன். அவர் பதிலுக்குக் கத்தவில்லை. என்னோடு சண்டை போடுவதை அவரும் எப்போது நிறுத்தினார் என்று எனக்கு நினைவில்லை.

ஒரு திங்கட்கிழமை அக்காவின் ஷெட்டுக்குப் போனேன். அவர் ஜாடி மூடிகளுக்கு விளிம்பு தேய்த்துக்கொண்டிருந்தார். பதறி எழுந்து நாற்காலி போட்டார்.

"உக்கார வரலக்கா. ஏன் என்ன ஒதுக்கிட்டீங்க?"

"யாரு ஒதுக்குனா? உனக்கு உடம்பு முடியல, அதான்."

"அத்தினி ஜாடியும் போச்சி. ஒரு வார்த்த திட்டலியே நீங்க."

"உன்னப் போயி திட்டுவாங்களா?"

"முன்னல்லாம் திட்டலியா? ஒரு மூடி ஒடைஞ்சதுக்கு எங்க அம்மா வூடு வரைக்கும் இழுத்தீங்களே."

"அது அப்போ."

"இப்ப மட்டும் என்னா? திட்டுங்கக்கா. திட்டிட்டு டிராலியில சேத்துக்குங்க."

அக்கா மூடியைக் கீழே வைத்தார்.

"நான் வாயெடுத்து ஒண்ணு சொல்லி, நாளைக்கி ஆஸ்பத்திரியில உனக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிடுச்சின்னா? என் வாயிதான்னு ஊரு பேசும். ஊரு கெடக்குது வுடு. எனக்கே அப்பிடித்தானடி தோணும்? அத வச்சிகிட்டு நான் எப்பிடி இருப்பேன்?"

அவர் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. டாக்டர் ஃபைலுக்குள் தேடிய பதிலை இவர் சொல்லிவிட்டார். என்னைப் பார்க்கும்போதெல்லாம் எஸ்டேட்டே இதைத்தான் நினைக்கிறது போல. நாளைக்கு இல்லாமல் போகக்கூடியவளிடம் யார் தட்டுக்குச் சண்டை போடுவார்கள்?

அப்புறம் நான்தான் சொன்னேன். இனிமேல் என் பச்சையை நான் பார்க்கவில்லை. அக்காவே வந்து அவர் கன்னத்தில் வைத்துப் பார்க்கட்டும். அவர் சரி என்றதை மட்டும் ஏற்றலாம், வேண்டாம் என்றதைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகிறேன். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை கொண்டு வா என்றார்.

வெள்ளிக்கிழமை டிராலி பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அக்கா ஒவ்வொரு விளக்காகத் தூக்கிப் பீடத்தைக் கன்னத்தில் ஒற்றி, தட்டில் வைத்துக்கொண்டே வந்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பிள்ளையை வேறு யாரோ குளிப்பாட்டுகிற மாதிரி இருந்தது. பதினைந்து இருபது விளக்கு ஏறியது. ஒன்றை மட்டும் இரண்டு தடவை கன்னத்தில் வைத்துப் பார்த்தார். தட்டில் வைக்காமல் கீழே வைத்தார்.

என் வாய் சும்மா இருக்குமா? "அது காஞ்சிடுச்சிக்கா" என்றேன். பழைய குரல் அப்படியே வந்தது. நாற்காலியிலிருந்துகூட எழுந்துவிட்டேன். "போன வாரமே காஞ்சது. உங்களுக்குத்தான் தெரியல."

அவர் இடுப்பில் கை வைப்பார் என்று எதிர்பார்த்தேன். 'எனக்கா தெரியல? உன் பவுசத்தான் ஊரே பாத்துதே' என்று ஆரம்பிப்பார் என்று எதிர்பார்த்தேன். சூளைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு குனிந்து அந்த விளக்கை எடுத்தார். டிராலியில் அவருடைய ஜாடிகளுக்கு நேர் மேலே வைத்தார்.

"காஞ்சிதான் இருக்குதும்மா" என்றார்.

டிராலியைத் தள்ளுவதற்கு இரண்டு பேர் வந்துவிட்டார்கள். நான் கிட்டே போய், வலது கையை நீட்டி அந்த விளக்கை எடுத்தேன்.

"ஈரம்தான்க்கா" என்றேன்.

டிராலி உள்ளே போனது. விளக்கை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். அது ஈரமா, காய்ந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.