அலோய்சி பெரியப்பா காவல் காத்த மணல்

என் பெரியப்பா அலோய்சி இருபத்தாறு வருஷம், கடலுக்குள் நீண்டு கிடக்கும் ஹெல் முனையில் கடற்படைக் காவலராக இருந்தார். பைன் காட்டுக்குள் காளான் பறிக்க வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவதுதான் வேலை. உள்ளே என்ன இருக்கிறது என்று யார் கேட்டாலும் "மணல்" என்பார். அது பொய்யில்லை. ஒரு பக்கம் பெரிய கடல், மறுபக்கம் சின்னக் கடல், நடுவில் எங்கள் ஊர் முழுக்க மணல்தான்.

பெரியம்மா கெர்த்ருதாவுக்கும் அதே பதில்தான்.

"மணலுக்கு எதுக்குய்யா துப்பாக்கியோட காவல்? எந்திரிச்சு ஓடிருமா?"

பெரியப்பா தொப்பியை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார். காளான் காலத்தில் மட்டும் ஒரு கூடை மஞ்சள் காளானோடு வருவார். சந்தையில் வாங்கினாராம்.

கடற்படை போய்விட்டது. பழைய பீரங்கிக் குழிகளை அருங்காட்சியகமாக்கி, வழிகாட்டி வேண்டும் என்றார்கள். ஓய்வுபெற்ற பெரியப்பா அப்போது வீட்டில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். தோலோடு பாதிக் கிழங்கும் போகிறது என்று பெரியம்மா தினமும் சொல்லிக்காட்டினாள். அந்த வேலை கிடைக்காவிட்டால் சாகும்வரை கிழங்குதான் என்று அவருக்குத் தெரியும்.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான், அதுவும் புவியியல். விடுவேனா? பதினோரு பக்கம் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். பீரங்கிக் குழாயின் நீளம், குண்டின் எடை, எல்லாவற்றையும் பெரியப்பா பிசகாமல் ஒப்பித்தார்.

தேர்வு வைக்க கிதினியா நகரிலிருந்து அருங்காட்சியகத்தின் இவோனா மேடம் வந்தார், கழுத்தில் கேமராவோடு. நானும் பெரியம்மாவும் கூடப் போனோம். முதல் குழியருகே நின்று மேடம் கேட்டார்:

"இங்க என்ன சார் இருந்துச்சு?"

பெரியப்பா கேமராவைப் பார்த்தார்.

"மணல், மேடம்."

"இந்தக் கான்கிரீட்?"

"இப்பதான் பாக்குறேன்."

எதைச் சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேனே தவிர, அந்நியரிடம் அவருக்கு வாய் திறக்குமா என்று ஒருமுறையும் யோசிக்கவில்லை. படித்து என்ன பயன்?

மேடம் நோட்டை மூடப்போனார்.

"கேட்டா வராதும்மா," என்றாள் பெரியம்மா. "காளான் பறிக்க வந்தவ மாதிரி சும்மா நடந்து பாருங்க."

மேடம் சிரித்துக்கொண்டே இடப்பக்கம் திரும்பினார்.

"அங்க போகாதீங்க," என்றார் பெரியப்பா உடனே.

"ஏன் சார்?"

"பெரிய கடல் பக்கமா நாப்பதடி வச்சா மூணாம் பீரங்கி. யாரும் போகக்கூடாது."

மேடம் போனார். பெரியப்பா பின்னாலேயே ஓடினார்.

"அங்க நிக்காதீங்க, கீழ குண்டுக் கிடங்கு. அந்தத் தண்டவாளத்துல கால வைக்காதீங்க, குண்டு வண்டி வர்ற பாதை. ஐயோ, அந்தப் படி வேண்டாம், கேப்டன் தூங்குற நேரம்."

ஒன்றரை மணி நேரத்தில் காடு முழுவதிலிருந்தும் மேடத்தைத் தடுத்துவிட்டார். அதில் பாதி என் குறிப்பில் இல்லை.

"திங்கட்கிழமை வந்துருங்க சார்," என்றார் மேடம் மூச்சு வாங்கியபடி. என் பக்கம் திரும்பி, "அந்தக் குறிப்ப மட்டும் நீயே வச்சுக்கம்மா."

பெரியப்பா நிமிர்ந்து நின்றார். பெரியம்மா அவரைப் பார்க்கவில்லை. மூன்றாம் பீரங்கிக்குப் பின்னால், குழியைச் சுற்றிலும் மஞ்சளாகப் பூத்துக் கிடந்த காளான்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்யா, சந்தை இங்கதான் கூடுச்சா?"

"அங்க போகாத கெர்த்ருதா," என்றார் பெரியப்பா.

அவள் அதற்குள் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து விரித்திருந்தாள்.