அண்ணி போட வேண்டிய முடிச்சு

என் திருமண நாளில் எனக்கு மிகவும் பிடித்த நொடி எது என்று யாராவது கேட்டிருந்தால், மார்கழி வரையில் தயங்காமல் சொல்லியிருப்பேன்: தாலி ஏறும்போது நான் சிரித்துவிட்ட நொடி.

கார்த்திகையில், விழுப்புரத்தில் எங்கள் வீட்டுக்கு அருகிலிருந்த மண்டபத்தில் கல்யாணம். கணவர் முதல் முடிச்சைப் போட்டுவிட்டுக் கையை எடுத்தார். மற்ற இரண்டும் மாப்பிள்ளையின் சகோதரி போட வேண்டியவை. என் பின்கழுத்தைத் தொட்ட விரல்கள் சில்லென்றிருந்தன. கயிற்றோடு பூச்சரத்தையும் சேர்த்து இழுத்தன. "பூ மாட்டிக்கிச்சு, ஆடாதீங்க. மேளக்காரரு வேற ஜல்தி பண்றாரு" என்று காதருகே ஒரு குரல் பதறியது. கணவருடைய சித்தப்பா மகள். கல்லூரியில் முதலாண்டு படிப்பவள். அத்தனை பேர் பார்க்கப் பல் தெரியச் சிரிக்கிற வழக்கம் எனக்கில்லை. அன்று சிரித்தேன். அந்தச் சிரிப்பு விழுந்த படத்தைத்தான் பெரிதாக்கித் திண்டிவனத்தில் கணவர் வீட்டுக் கூடத்தில் மாட்டினோம்.

அந்த வீட்டில் என்னோடு அதிகம் பேசுகிறவர் கணவரின் அக்கா. அண்ணி என்று அழைக்கிறேன். புருஷனோடு ஒத்துவராமல் சில ஆண்டுகளுக்கு முன்பே பிறந்த வீட்டுக்குத் திரும்பிவிட்டவர். முதுகலைத் தமிழ் முடிக்க இன்னும் ஒரு பருவம் இருந்தது எனக்கு. "படிக்கிற பொண்ணு தட்டு கழுவிக்கினு நிக்காத, பஸ்ஸு போயிடும்" என்று டிபன் டப்பாவைக் கையில் திணித்து அனுப்புவார்.

மார்கழியில் கல்யாண வீடியோ வந்தது. பிற்பகலில் அண்ணியும் நானும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் மடியில் முறம், மல்லாட்டையை உடைத்துக் கடலையை எடுத்துக்கொண்டிருந்தார்.

"இங்கதான் அண்ணி எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு."

"பின்ன? அவளுக்கு ரிப்பன் கட்டவே இன்னொரு ஆள் வேணும். பொண்ணழைப்பு அன்னிக்கு என் முந்தானையிலயே எத்தினி தடவை போட்டுக் காட்டினேன்! தலையத் தலைய ஆட்டிக்கினு இருந்துட்டு, மேடையில போயி சொதப்பிட்டா."

நானும் சிரித்தேன். பிறகுதான் உறைத்தது. முடிச்சைக் கற்றுக்கொடுத்தவர், உடன்பிறந்தவர். அவர் ஏன் மேடையில் இல்லை? இத்தனை நாளும் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.

"நீங்க ஏன் போடல அண்ணி?"

"பந்தியில ஆளு பத்தல."

அதற்குள் திரையில் பந்திக்கூடம் வந்துவிட்டது. கெட்டிமேளம் மட்டும் கேட்கிறது. சாம்பார் வாளியோடு அண்ணி நிற்கிறார். வாளியைக் கீழே வைக்கிறார். இடுப்பில் முடிந்துவைத்திருந்த அட்சதையை எடுத்து, மேடை இருந்த திசையை நோக்கி, எதிரேயிருந்த வெறுஞ்சுவரின்மேல் தூவுகிறார். பிறகு மறுபடி வாளியைத் தூக்கிக்கொள்கிறார்.

அண்ணி முறத்தோடு எழுந்து உள்ளே போய்விட்டார்.

அம்மாவைத் தொலைபேசியில் கேட்டேன். மறைக்கவில்லை. "நாந்தான்டி வேணாம்னு சொன்னேன். வாழாம வந்தவ கை உன் தாலியில படணுமா? உன் மாமியாரே வாயத் தொறக்கல. அந்தப் பொண்ணுதான், 'சரிங்கம்மா, நான் பந்தியப் பார்த்துக்கறேன்'னுச்சு. நல்ல பொண்ணு."

அம்மாவின் குரலில் கொடுமை இல்லை. எனக்காகப் பயந்த குரல்தான். அதனால் கோபப்படவும் முடியவில்லை. என் நன்மைக்காக ஒருவரை அவருடைய இடத்திலிருந்து நகர்த்தியிருக்கிறார்கள். அந்த இடத்தில் நின்ற சிறுபெண்ணின் தடுமாற்றத்தைத்தான் நான் அத்தனை நாளும் ஆசையாக நினைத்துக்கொண்டிருந்தேன். கூடத்தைக் கடக்கும்போதெல்லாம் படத்தைப் பார்க்காமல் நடக்கப் பழகினேன். வெள்ளிக்கிழமைகளில் அண்ணி அதை ஈரத்துணியால் துடைப்பதை மட்டும் பார்க்காமலிருக்க முடியவில்லை.

மூன்றாம் மாதம், தையில், தாலி பிரித்துக் கோர்க்க நாள் குறித்தார்கள். தங்கக் காசும் குண்டுமணியும் வாங்கிக்கொண்டு அம்மா விழுப்புரத்திலிருந்து வந்தார். புதுக்கயிற்றில் எல்லாம் கோர்த்தாகிவிட்டது. கழுத்தில் கட்டுவதற்காக அம்மா என் மாமியாரிடம் நீட்டினார்.

"அண்ணி கட்டட்டும்" என்றேன்.

"அவங்களுக்கு வேலை இருக்கும்டி."

"முடிச்சிட்டு வரட்டும்மா. நான் உட்கார்ந்திருக்கேன்."

அடுக்களை வாசலில் நின்றிருந்த அண்ணி, "வேணாம்மா, கையெல்லாம் மாவு" என்றார். முகம் வெளிறியிருந்தது. அதை நான் கூச்சம் என்று எடுத்துக்கொண்டேன். மாமியார் கயிற்றை வாங்கித் தாம்பாளத்தில் வைத்தார். பிறகு, "கூப்புடுது இல்ல, கழுவிக்கினு வா" என்றார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அண்ணி வந்தார். முடிச்சு தடுமாறவில்லை. "இறுக்கமா இருக்கா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

கணவருக்கு ஒலக்கூரில் வேலை, பைக்கில் போய்வருகிறவர். அடுத்த வாரம் ஒரு மாலை அவர் வரத் தாமதமானது. முன்பெல்லாம், "வருவான், எங்க போயிடுவான்" என்று தொலைக்காட்சியை விட்டு நகராத அண்ணி, அன்று வாசல்கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"போன் பண்ணியா? எடுத்தானா?"

"லாரி ஏதோ குறுக்க நின்னுடுச்சாம், வந்துக்கினு இருக்காரு. ஏன் அண்ணி இவ்வளவு பயப்படறீங்க?"

சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "நான் கட்டினதாச்சேம்மா."

அம்மாவின் பயம் அண்ணியிடமும் இருந்திருக்கிறது. மாவுக்கையைக் காட்டி அவர் என்னிடம் கெஞ்சியிருக்கிறார். என் மனம் ஆற வேண்டும் என்ற அவசரத்தில் நான்தான் அவரை வற்புறுத்திக் கட்டவைத்தேன்.

வண்டி முனையில் திரும்பியது. தம்பி இறங்குவதற்குள் அண்ணி உள்ளே போய், தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிவைத்தார்.

இப்போது கணவர் வரத் தாமதமாகும் நாள்களில் புத்தகத்தை மூடிவிட்டு நானும் கேட்டருகே போய் அண்ணியோடு நிற்கிறேன். சாலையில் வரும் விளக்குகளில் எது அவருடையது என்று என்னைவிட முன்னதாக அண்ணிக்குத் தெரிந்துவிடுகிறது.